வராந்தாவுக்குத் தள்ளிய கட்டில்

ஜூன் 3, திங்கள்

வெட் கிரைண்டர் கேட்டலாக் ஒருவழியாக முடிந்தது. எவர்சில்வர் டிரம்மைப் படம் எடுப்பது எத்தனை தொல்லை என்று எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். அது கண்ணாடி. அறையில் உள்ள எல்லாவற்றையும் தன் வயிற்றில் வாங்கிக் காட்டும்: விளக்கு, ஸ்டாண்டு, கேமரா, கேமராவுக்குப் பின்னால் குனிந்து நிற்கிற நான். சுற்றிலும் வெள்ளைத் துணியால் கூடாரம் கட்டி, லென்ஸ் நுழைகிற அளவுக்கு ஓட்டை விட்டு எடுத்தால், கிரைண்டர் இந்த உலகத்திலேயே இல்லாத ஏதோ ஓர் இடத்தில் நிற்பதுபோல இருக்கும். கோயமுத்தூரில் கிரைண்டர் விற்கிற எல்லோருக்கும் அதுதான் வேண்டும். இத்தனை வருடமாக என் தொழிலில் பாதி இதுவே. நான் அங்கே இருந்தேன் என்பது தெரியாமல் அழிப்பது.

வீடு திரும்பியபோது அப்பா டிவி முன்னால் உட்கார்ந்தபடி தூங்கியிருந்தார். ஹாட்பேக்கில் வைத்துவிட்டுப் போன சாதம் பாதி அப்படியே இருந்தது. கிரில் பூட்டைத் திறந்த சத்தத்துக்கும் எழவில்லை.

நாளை மறக்காமல் அவருடைய பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும்.

ஜூன் 5, புதன்

தாரகேஷ் கூப்பிட்டான். விளம்பர ஏஜென்சியில் டிசைனர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், என்னைவிட அதிகம் களைத்துப்போனவன் போலப் பேசுவான். ஆனைகட்டி ரோட்டில் ‘மாலைச்சாரல்’ என்று ஒரு முதியோர் இல்லம். பிரவுச்சர், நாலைந்து ஹோர்டிங்.

“ஒரே ஒரு படம் போதும்க்கா. ஜன்னலோரமா ஒரு பெரியவர், கையில டம்ளர், மூஞ்சில வெயில். வலது பக்கம் பூரா காலியா விட்டுருங்க. காப்பிக்கு இடம் வேணும்.”

டிசைனர்கள் காலி இடம் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நல்ல டிசைனுக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று நானே கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அறை என்று ஒன்று இருந்தால் அதில் சாமான் இருக்கும். காலி இடம் தானாக வருவதில்லை, யாராவது எதையாவது தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும். அந்த ‘யாராவது’ எப்போதும் நான்தான்.

ஒத்துக்கொண்டேன்.

ஜூன் 8, சனி

இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். ஓட்டுக் கட்டடம் ஒன்று, புதுக் கட்டடம் ஒன்று, நடுவே மண் தரை, கேட்டு வரை வேப்பமரங்கள். பினாயில் வாசனை, அதற்கு அடியில் வெண்டைக்காய் பொரியல் வாசனை. மேனேஜர் ரெபேக்கா சுற்றிக் காட்டினார்.

“நல்லா காட்டுங்க மேடம், வேண்டாங்கல. ஆனா போட்டோவப் பாத்துட்டு வர்றவங்க ஏமாந்து நிக்கக் கூடாது. அப்புறம் நான்தான் அவங்க மூஞ்சில முழிக்கோணும்.”

இப்படிப் பேசுகிற வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை.

ஜன்னல் நன்றாக உள்ள அறை ஒன்றுதான். இரண்டு கட்டில். சுவரோரக் கட்டில் காலி. ஜன்னலோரக் கட்டிலில் பக்கவாதம் வந்த ஒருவர், பொன்னையன் என்று பெயர். எடுக்கும் அன்றைக்கு அவர் கட்டிலை வராந்தாவுக்குத் தள்ளிக்கொள்ளலாமா என்று கேட்டேன். ரெபேக்கா அவரிடம் கேட்டார். அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஏதோ சொன்னார். சரி என்கிறார் என்றார் ரெபேக்கா.

ஜூன் 11, செவ்வாய்

இன்று எடுத்த படங்கள்: இரண்டு பம்ப் செட், ஒரு முறுக்கு பாக்கெட்.

காலையில் அவிநாசி ரோட்டில் பாதி வழியில் கிரில்லைப் பூட்டினேனா என்று சந்தேகம் வந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போனேன். போன ஐப்பசியில் அப்பா நடக்கப் போய், வழி தெரியாமல் உக்கடத்தில் நின்றிருந்தார். ஒரு போலீஸ்காரர்தான் ஃபோன் செய்தார். அன்றிலிருந்து பூட்டிவிட்டுத்தான் போகிறேன். மாடியில் எதிர் வீட்டு ஷகீலாவிடம் இன்னொரு சாவி இருக்கிறது. ஆபத்து ஒன்றும் இல்லை.

பூட்டித்தான் இருந்தது. அப்பா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

“என்ன கண்ணு, எதாச்சும் மறந்துட்டியா?”

பர்ஸ் என்று சொன்னேன். உள்ளே போய் எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

இல்லத்தில் எட்டு மணிக்கு எல்லாம் தயார். மாடலாக வர வேண்டிய பெரியவர் வரவில்லை. ராத்திரியிலிருந்து காய்ச்சலாம். தாரகேஷ் தலையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“அக்கா, உங்கப்பா இருக்காருல்ல?”

முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு வீட்டுக்குப் போனேன்.

அப்பா கேள்வியே கேட்கவில்லை. ஷேவ் செய்துகொண்டார். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று போட்ட வெள்ளைச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். வண்டியில் முன்சீட்டில் பள்ளிக்கூடச் சுற்றுலா போகிறவர்போல் உட்கார்ந்து வந்தார்.

பொன்னையன் கட்டிலை வராந்தாவுக்குத் தள்ளியாயிற்று. ஆனி பிறக்கப்போகிற காற்றும் மேகமும். வெயில் வருவதாக இல்லை. ஜன்னலுக்கு வெளியே பெரிய விளக்கை வைத்து, மஞ்சள் தாள் கட்டி, காலை ஏழு மணி வெயில் ஒன்றைத் தயாரித்தேன். அதற்கு நேரம் பிடித்தது. அப்பா எங்கேயோ போய்விட்டார். கூப்பிட்டதும் வராந்தாவிலிருந்து வந்தார்.

“லெஃப்ட்ல கொஞ்சம் நகருங்கப்பா,” என்றான் தாரகேஷ். “இந்தப் பக்கம் காப்பி வரும்.”

“அப்ப இது என்ன தம்பி?” என்று கையிலிருந்த டம்ளரைக் காட்டினார் அப்பா.

படத்தின் மேல் அச்சடிக்கிற வாசகத்தைத்தான் காப்பி என்போம் என்று விளக்குவதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்து ஜன்னல் பக்கம் திரும்பினார். எதையோ பார்த்தார், முகம் லேசாகத் தளர்ந்தது. அந்த நொடியில் எடுத்தேன்.

அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் வீண். கேமராவின் திரையைப் பார்த்தபோதே தெரிந்தது. இந்த மாதிரி ஒரு படம் நான் எடுத்துப் பல வருடம் ஆகிறது.

சாயங்காலம் வீட்டில் அப்பா தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

படத்தைத் திருத்தும் வேலை. தாரகேஷ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“ஸ்கின் கொஞ்சம் ஸ்மூத் பண்ணிரலாமாக்கா? அந்தக் கையில என்ன, தழும்பா?”

“கம்பத்துல ஷாக் அடிச்ச தழும்பு. அதைத் தொடாதே.”

கோபமாகச் சொல்லிவிட்டேன் போல. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான். ஆனால் கட்டில் இருந்த இடத்துக்கு மேல் தொங்கிய அழைப்பு மணி வயரை நானே எடுத்தேன். சுவரில் இருந்த ஈரக் கறையை எடுத்தேன். ஜன்னல் கம்பியின் துருவை எடுத்தேன். எதை எடுத்தால் திருத்தம், எதை எடுத்தால் பொய் என்று என்னிடம் ஒரு காலத்தில் கணக்கு இருந்தது. மனிதர்கள் மேல் கை வைக்க மாட்டேன், பொருள்கள் மேல் வைப்பேன் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வராந்தாவில் கிடந்தவர் மனிதரா பொருளா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

வாசகம் முடிவாகிவிட்டது: ‘இனி இது உங்கள் நேரம்.’

விளம்பரம் புதிதாக எதையும் யாருக்கும் சொல்வதில்லை என்பது என் எண்ணம். பார்க்கிறவன் தனக்குள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் வெளிச்சம் போட்டுக் காட்டும், அவ்வளவுதான். அதனால்தான் இந்தப் படத்தை அதிக நேரம் பார்க்க முடியவில்லை. திரையை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.

ஜூலை 1, திங்கள்

ஹோர்டிங் ஏறிவிட்டது. தாரகேஷ் போட்டோ அனுப்பினான். லட்சுமி மில் சிக்னலில் அப்பா, இரண்டு மாடி உயரத்துக்கு.

ஜூலை 3, புதன்

பொங்கலூர் அத்தை காலை ஆறு மணிக்கே ஃபோன். அப்பாவின் தங்கை.

“ஏன் கலாமணி, எங்கண்ணனக் கொண்டுபோயி ஹோம்ல தள்ளிப்போட்டு, அதைப் போர்டு வேற அடிச்சு ஊருக்கே காட்டறியாமா? எங்க சம்பந்தி பஸ்ல போறப்ப பாத்துப்போட்டு என்னைக் கேக்கறாங்க. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.”

“அது வெறும் விளம்பரம் அத்தை. அப்பா இங்கதான் இருக்கறாரு. பேசறீங்களா?”

அப்பா ஃபோனை வாங்கி, ‘ம்’, ‘ம்’ என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரி, வெச்சுர்றேன்,” என்று கொடுத்துவிட்டார்.

பால்காரரும் கேட்டார். அயர்ன்காரரும் கேட்டார். எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

ஜூலை 7, ஞாயிறு

போர்டைப் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. கூட்டிக்கொண்டு போனேன். சிக்னல் தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். கண்ணாடியை இறக்கி அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

“அன்னிக்கு எனக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு இருந்துச்சு. மூஞ்சில தெரியவே இல்ல பாரு,” என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். அப்படியே பக்கத்து பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

“கண்ணு, நான் அங்கயே போயிறட்டுமா?”

“எங்க?”

“அங்கதான். ஆனைகட்டி ரோட்டுல.”

“அத்தை பேசினதை மனசுல வெச்சுட்டுச் சொல்றீங்களா?”

“அவ கெடக்கறா.”

“போட்டோவப் பாத்து முடிவு பண்ணாதீங்கப்பா. அது வெயிலே இல்ல, நான் போட்ட லைட்டு. செவுத்துல ஓதம் அடிச்சிருக்குது, அதை நான் அழிச்சுட்டேன். அந்த ரூம்ல இன்னொருத்தர் இருக்கறாரு. அவரை வெளிய தள்ளிட்டுத்தான் எடுத்தேன்.”

“எனக்குத் தெரியாதாக்கும்? நீ லைட்ட இக்கட்டால அக்கட்டால மாத்திட்டு இருந்தப்ப, நான் அவருகூடத்தான் உக்காந்திருந்தேன். பொன்னையன். பஸ்ல கண்டக்டரா இருந்தவரு. ஊட்டி ரூட்டு.” அப்பா பன்னைப் பிய்த்து டீயில் நனைத்தார். “நாக்கு பெரளாது அவருக்கு. ரண்டு தரம் கேட்டாப் புரியுது. மேட்டுப்பாளையத்துல இருந்து மேல வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பாச் சொன்னாரு. எனக்கு அதெல்லாம் மறந்துபோச்சு, அதனால ஒவ்வொண்ணும் புதுசாக் கேக்கற மாதிரியே இருந்துச்சு. அவருக்கு அதுல ஒரே சந்தோசம். இன்னொரு தரம் சொல்லட்டுமான்னாரு. அதுக்குள்ள நீ கூப்டுட்டே.”

நான் என் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

“நீ போட்டோ எடுத்தப்ப ஜன்னல்ல எதப் பாத்தேன்னு நெனைக்கறே? ஒரு கெழவி தடிய ஊணிட்டு கேட்டு வரைக்கும் நடந்து போச்சு. திரும்பி வந்துச்சு. மறுபடி போச்சு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.”

டீக்காரர் டம்ளரை எடுத்துப்போக வந்தார். அப்பா அவர் போகும் வரை காத்திருந்தார்.

“உன்னைத் தப்புச் சொல்லலைங் கண்ணு. நீயும் என்னதான் பண்ணுவே. காலைல நீ பூட்டிட்டுப் போனயின்னா, நீ வர்ற வரைக்கும் நான் அந்தக் கம்பியவேதான் பாத்துட்டு இருக்கறேன்.”

வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வழியில் கறிவேப்பிலை வாங்கினேன்.

ஜூலை 8, திங்கள்

இன்றும் பூட்டிவிட்டுத்தான் போனேன்.

ஜூலை 10, புதன்

இன்று கிரில்லைப் பூட்டவில்லை. ஷகீலாவிடம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஒரு நகைக்கடைக்குக் கம்மல் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு ஷகீலா ஃபோன்.

“அக்கா, குக்கர் எறக்கறதுக்கு உள்ள போனேன். அந்தக் கேப்ல கீழ எறங்கிட்டாரு. தெருவுல காணோம்.”

பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். பெரிய ரோடு தாண்டி, மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்திருந்தார். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. எப்படி ரோட்டைத் தாண்டினார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், பிடிபட்டவர்போல.

“நடக்கலாம்னுதான் வந்தேன்,” என்றார்.

அவர் முன்னால் நான் அழுததில்லை. இன்று தெருவிலேயே அழுதேன். அப்பா என் முதுகில் கை வைத்துக்கொண்டு, போகிறவர்களிடம், “ஒண்ணுமில்லைங், ஒண்ணுமில்லைங்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூலை 13, சனி

ரெபேக்காவிடம் பேசினேன். சுவரோரக் கட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். “மொதல்ல ஒரு மாசம் இருந்து பாக்கட்டும் மேடம். சரிப்படலைன்னா கூட்டிட்டுப் போயிருங்க. எல்லாரும் மொத நாளே நெரந்தரமாத்தான் நெனச்சுக்கறாங்க,” என்றார்.

வேட்டிகளைத் துவைத்துக் காயப்போட்டேன். அத்தைக்கு நானே ஃபோன் செய்து சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

ஜூலை 20, சனி

கொண்டுபோய் விட்டேன்.

வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் அப்பாவை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். “போர்டுல இருக்கறவரு வந்துட்டாரு!” என்று ஒரு அம்மாள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அப்பாவுக்குக் கூச்சம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அறையில் மேகமூட்டத்தின் வெளிச்சம்தான் இருந்தது. சுவரில் ஈரக் கறை நான் பார்த்ததைவிடக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. படுக்கை விரித்தேன், சட்டைகளை அலமாரியில் அடுக்கினேன், மாத்திரைகளை நர்ஸிடம் கொடுத்தேன். பொன்னையன் ஜன்னலோரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அப்பா பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டார். இன்னொரு முறை கேட்டார்.

“அன்னிக்கு வராந்தாவுல காத்து நல்லா வந்துச்சாமா. மறுபடி எப்பத் தள்ளுவீங்கன்னு கேக்கறாரு.”

சிரித்தேன். பிறகு அப்பாவும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கட்டிலை வராந்தாவுக்குத் தள்ளினோம். சக்கரம் ஒன்று கோணல், நிலைப்படியில் முட்டிக்கொண்டது. தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது.

கிளம்பும்போது அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பொன்னையன் பேசிக்கொண்டிருந்தார்.

ஜூலை 22, திங்கள்

தாரகேஷ் ஃபோன். விஷயத்தைக் கேள்விப்பட்டிருக்கிறான்.

“கஷ்டமாத்தான் இருக்கும்க்கா. ஆனா ஒண்ணு சொல்லட்டா? தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப அவரு நிஜமாவே அங்க இருக்காரு. அதை வெச்சு ரெண்டாவது கேம்பெய்ன் பண்ணலாம். ஆத்தென்டிக்கா இருக்கும். நீங்களே எடுத்தா இன்னும்...”

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் வயதில் நானும் இதைத்தான் யோசித்திருப்பேன், யோசித்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டிருப்பேன். எங்கள் தொழிலில் நிஜம் என்பதும் ஒரு பூச்சுதான். ஒரு சீசன் பளபளப்பு ஓடும், அடுத்த சீசன் நிஜம் ஓடும். இரண்டுக்கும் விளக்கு வைக்கிறவர்கள் நாங்களே. ஈரக் கறையை அழிக்காமல் விட்டால் அதுவும் ஒரு டிசைன்தான். அப்பா செருப்பு இல்லாமல் நின்ற காலை எடுத்திருந்தால் அதற்கு ஏதாவது பரிசுகூடக் கிடைத்திருக்கும்.

“வேற யாரையாச்சும் வெச்சு எடு தாரகேஷ். அப்பாவை விட்டுரு,” என்றேன்.

“சரிக்கா,” என்றான். வைப்பதற்கு முன், “நீங்க நல்லா இருக்கீங்கல்ல?” என்றான்.

நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

ஜூலை 27, சனி

ராத்திரி தூக்கம் இல்லை. வீட்டில் சத்தம் இல்லாததால் இருக்கலாம். பகலெல்லாம் பிரஷர் குக்கர்களைப் படம் எடுத்தேன். கேஸ் புக் செய்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பார்க்கப் போனேன். ஆப்பிளும் முறுக்கும் வாங்கிக்கொண்டேன். மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது.

அப்பா கொஞ்சம் இளைத்திருந்தார், கறுத்திருந்தார். கேட்டுக்கும் வராந்தாவுக்குமாக நடக்கிறாராம். போன வாரம் ஒருநாள் அறை மாறிப் பெண்கள் பக்கம் போய்விட்டாராம். அதை வைத்து இன்னமும் கேலி செய்கிறார்களாம். சாம்பாரில் உப்பு பத்தவில்லை என்று குறை சொன்னார். பொன்னையனுக்கு முறுக்கை நொறுக்கிக் கொடுத்தார். பத்து நிமிடத்துக்கு மேல் பேச எங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது.

“நீ போயித் தூங்கு கண்ணு. கண்ணு ரண்டும் செவந்து கெடக்குது,” என்றார் அப்பா.

காரில் ஏறிச் சாவியைப் போட்டேன். திருப்புவதற்குக்கூடக் கையில் தெம்பு இல்லை. ஐந்து நிமிடம் சாய்ந்துகொள்ளலாம் என்று கண்ணாடிகளைப் பாதி இறக்கிவிட்டு, சீட்டைப் பின்னால் தள்ளினேன்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். வாட்ச்மேன்.

“மேடம், அஞ்சு மணி ஆயிருச்சுங். பாக்கறவங்க நேரம் முடியுது. கேட்டைச் சாத்தோணுங்.”

எனக்கு எங்கே இருக்கிறேன் என்பதே ஒரு கணம் பிடிபடவில்லை. கழுத்தெல்லாம் வியர்வை. அப்படித் தூங்கி எத்தனையோ மாதம் ஆகிறது.

“எழுப்பியிருக்கலாமேங்க?”

“எழுப்பத்தான் வந்தேனுங். உங்கப்பாதான் விடல. இங்கயேதான் ஒரு சேரப் போட்டு உக்காந்திருந்தாரு. வெயிலு திரும்பத் திரும்ப அவரும் எந்திரிச்சு எந்திரிச்சு வந்து பாத்தாருங். இப்பத்தான் டீக்கு உள்ள போனாரு.”

அப்போதுதான் கவனித்தேன். முன்கண்ணாடியின் மேல், என் முகத்துக்கு நேராக, அப்பாவின் துண்டு விரித்துக் கிடந்தது. காற்றுக்குப் பறக்காமல் இருக்க இரண்டு வைப்பரையும் தூக்கி அதன் மேல் படிய வைத்திருந்தார்.

இறங்கித் துண்டை எடுத்தேன். நன்றாகச் சுட்டது.

“குடுங் மேடம், நான் அவருகிட்டக் குடுத்தர்றேன்,” என்றார் வாட்ச்மேன்.

“இல்லைங்க. நானே குடுத்துட்டு வந்தர்றேன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தேன்.